ஓப்பரா உடை வரைபடத்தைத் தையற்காரியின் கண்ணால் படிப்பது எப்படி

பாரிஸ் ஓப்பரா மேடைக்காக 19ஆம் நூற்றாண்டில் வரைந்த உடை வரைபடங்களை இன்று யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். பிரான்சு தேசிய நூலகத்தின் காலிக்கா இணையதளத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, காசில்லாமல். ஆனால் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் "ஆஹா, என்ன அழகு" என்று சொல்லி ஒரு படத்தைச் சேமித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்பதில்லை. நான் மேடைக்கு உடை வெட்டித் தைப்பவள். புதுச்சேரியில் வளர்ந்ததால் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தேன். அந்தத் தாள்கள் எனக்கு ஓவியமாகத் தெரிவதே இல்லை. கல்யாணச் சமையலுக்கு எழுதித் தரும் சாமான் சீட்டு மாதிரிதான் தெரிகின்றன. யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் துணியில், எவ்வளவு சரிகை, எது புதிதாக, எது கிடங்கிலிருந்து என்று எல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சீட்டைப் படிக்கும் விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே தேடுவது

பெரிய சேமிப்பு பாரிஸின் கார்னியே ஓப்பரா மாளிகைக்குள்ளேயே இருக்கும் ஓப்பரா நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1866இல் தொடங்கியது, இப்போது தேசிய நூலகத்தின் ஒரு பிரிவு. அங்குள்ள உடை வரைபடத் தொகுதிகளில் பலவற்றின் அடையாள எண் "டே 216" (D216) என்று ஆரம்பிக்கும். காலிக்காவின் தேடல் பெட்டியில் நாடகத்தின் பெயரோடு "மக்கெத் த கோஸ்த்யூம்" (maquette de costume, உடை வரைபடம்) என்பதைப் பிரெஞ்சு எழுத்தில் சேர்த்துப் போடுங்கள். வடிகட்டியில் படங்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ஓப்பராவுக்கான தாள்கள் எல்லாம் ஒரே கட்டாகக் கிடைத்தால் யோகம். தனித்தனியாகப் பார்ப்பதைவிடக் கட்டாகப் பார்ப்பது எப்போதும் மேல். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

வரைந்தவர்களின் பெயர் தெரிந்திருந்தால் தேடல் சுலபம். நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான் சிமோன் பெர்தெல்மி, பிறகு ஒகுஸ்த் கார்னரே, 1820களின் பிற்பகுதியில் இப்பொலித் லெகோந்த், 1830களின் தொடக்கத்தில் எழேன் லாமி. அதற்கப்புறம் போல் லோர்மியே என்பவர் நீண்ட காலம் வரைந்தார். நூற்றாண்டின் நடுவில் ஆல்பிரெட் ஆல்பேர், 1870களில் எழேன் லாகோஸ்த், கடைசியில் ஷார்ல் பியான்கினி. இவர்கள் ஓப்பராவின் ஆட்கள். சிரிப்பு நாடகங்களுக்கும் ஓப்பரெட்டாவுக்கும் வரைந்த ஆல்பிரெட் கிரேவென், திரானேர் இருவரின் கை முற்றிலும் வேறு. கிரேவென் என்றால் 1882இல் திறந்த மெழுகுச் சிலைக் கூடத்துக்குப் பெயர் தந்த அதே ஆள்தான்.

கையில் இருப்பது வரைபடமா, அச்சுப் படமா?

இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு மேடை உடைப் படம் என்று இணையத்தில் சுற்றுவதில் பாதிக்குமேல் வரைபடமே இல்லை, அச்சு. மார்த்தினே என்ற பதிப்பகம் பாரிஸ் நாடகங்களில் நடிகர்கள் போட்ட உடைகளைச் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி, தாள் தாளாக விற்றது. படத்துக்குக் கீழே நடிகர் பெயர், பாத்திரம், நாடகம், அரங்கம் எல்லாம் ஒழுங்காக அச்சில் இருக்கும். வெளியூர் நாடகக் குழுக்கள் அதைப் பார்த்துத் தைத்துக்கொண்டன. அது மேடையேறியபின் எடுத்த பதிவு. வரைபடமோ மேடையேறும் முன் தையற்கூடத்துக்குப் போன உத்தரவு. இரண்டையும் குழப்பினால் அப்புறம் சொல்வதெல்லாம் தப்பாகிவிடும்.

பிரித்தறிய, படத்தைப் பெரிதாக்கி உருவத்தின் வெளிக்கோட்டைப் பாருங்கள். வரைபடத்தில் மை அல்லது வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடு தெரியும். அது இரண்டு மூன்று இடத்தில் மை போன வழியில் போகாமல் விலகியிருக்கும். கால் முதலில் ஓரிடத்தில் நின்று, பிறகு நகர்த்தப்பட்டிருக்கும். அச்சில் கோடு எல்லா இடத்திலும் ஒரே கருப்பு. தட்டு அழுந்திய தடம் தாளின் நான்கு பக்கமும் ஓடும். வண்ணம் சில இடத்தில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், ஏனென்றால் அதைத் தீட்டியவர் வரைந்தவர் இல்லை.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. நட்சத்திர நடனமணிகளின் கல்லச்சுப் படங்கள், ரசிகர்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டவை. மரி தாக்லியோனி சில்ஃபீட் என்ற காற்றுத் தேவதை வேடத்தில் காற்றில் மிதப்பது போல இருக்கும் படங்கள் அந்த வகை. காலே தரையில் படாத படத்தை வைத்துக்கொண்டு பாவாடை நீளத்தை அளக்காதீர்கள்.

ஓரத்திலிருந்து உள்ளே வாருங்கள்

உருவத்தைப் பார்க்காமல் ஓரத்தை முதலில் படியுங்கள். நான் எப்போதும் படத்தைப் பெரிதாக்கி மேல் இடது மூலையில் ஆரம்பித்துத் தாளைச் சுற்றி வருவேன். மேலே நாடகத்தின் பெயர், எந்த அங்கம். பக்கத்தில் பாத்திரத்தின் பெயர், சில சமயம் நடிக்கப்போகிறவரின் பெயர். ஓரத்தில் அல்லது உடையின் அந்தந்தப் பகுதிக்கு நேராகத் துணிக் குறிப்பு. கையெழுத்து கிறுக்கலாக இருக்கும், ஆனால் சொற்கள் திரும்பத் திரும்ப வருபவைதான். வெலூர் என்றால் வெல்வெட், சுவா பட்டு, லேன் கம்பளி, கலோன் சரிகைப் பட்டை, பையெத் சம்கி, மான்தோ மேலங்கி, ழூப் பாவாடை, மாயோ உடம்போடு ஒட்டும் பின்னலாடை. இந்த எட்டும் தெரிந்தால் முக்கால்வாசி தாள்களைப் படித்துவிடலாம். "இதெம்" என்று எழுதியிருந்தால் மேலே சொன்னதேதான். அதைக் கண்டால் உடனே கட்டில் முந்தைய தாளுக்குப் போங்கள். அது எதைச் சுட்டுகிறது என்பது அங்கேதான் இருக்கும். கட்டாகப் பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் இது.

எண்ணிக்கைதான் என் கண்ணுக்கு முக்கியம். "ஷேர்" என்றால் கோரஸ் பாடுகிறவர்கள். "கோர் த பாலே" என்றால் கூட்டமாக ஆடுகிறவர்கள், "கோரிஃபே" அவர்களில் முன்வரிசை. "கோம்பார்ஸ்" என்றால் பாடாமல் ஆடாமல் ஈட்டி பிடித்து நிற்கும் ஆட்கள். இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தால், நீங்கள் பார்ப்பது ஓர் உடையை இல்லை, ஒரு கூட்டத்தின் உடையை. ஒரே உருவத்தைக் கவனமாக வரைந்துவிட்டு எண்ணை மட்டும் எழுதிவிடுவார்கள்.

அந்த எண்ணைத் துணியாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. நீங்களும் செய்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வரும் மெல்லிய பாவாடை என்று வையுங்கள். நீளம் 80 செ.மீ. ஓர் அடுக்குக்கு மூன்று அகலம் வைத்தால் 2.4 மீட்டர். நான்கு அடுக்கு என்றால் 9.6 மீட்டர். ஆடுகிறவர்கள் 18 பேர் என்றால் 172.8 மீட்டர், உள்பாடியும் லைனிங்கும் சேர்க்காமலேயே. கணக்கு இப்படி ஏறும்போது கூட்டத்துக்குப் பட்டும், நாயகிக்கு அதைவிடப் பெரிய பட்டும் என்று யாரும் போக மாட்டார்கள். கூட்டத்துக்குக் கம்பளியும் பருத்தியும், நாயகிக்கு வெல்வெட்டும் சாட்டினும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே நிறம், ஒரே வெட்டு. வரைபடத்தில் இரண்டும் ஒரே சிவப்பாகத்தான் இருக்கும். ஓரத்தில் எழுதிய சொல்தான் விலையைச் சொல்லும்.

செலவை மிச்சம் பிடிக்காத காலமும் இருந்தது. 1835 பிப்ரவரி 23 அன்று மேடையேறிய "லா ழுயீவ்" ஓப்பராவுக்கு லோர்மியே வரைந்த உடைகளை அந்தக் கண்ணோடு பாருங்கள். கதை 1414இல் கோன்ஸ்தான்ஸ் நகரத்தில் நடக்கிறது. முதல் அங்கத்தில் பேரரசர் ஊர்வலமாக வருகிறார். அதற்கு அட்டையில் வெள்ளிக் காகிதம் ஒட்டாமல் உலோகத்திலேயே கவசம் செய்தார்கள். குதிரைகளும் மேடையேறின. குதிரைச் சர்க்கஸ் நடத்திய ஃபிராங்கோனி குடும்பத்தின் பெயரைச் சேர்த்து "ஓப்பரா ஃபிராங்கோனி" என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தத் தாள்களில் கவசத்தின் முட்டி, தோள், விரல் மூட்டுகள் எல்லாம் தனித்தனியாகக் காட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இங்கே வரைபடம் தையற்காரருக்கு மட்டும் போகவில்லை, கொல்லருக்கும் போகிறது.

கதையின் காலமா, தைத்த காலமா?

தேதி இல்லாத தாள் கிடைத்தால் கதை எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்று பார்க்காதீர்கள். தோள், கை, இடுப்பு, முடி இந்த நான்கையும் பாருங்கள். எந்தக் காலத்து ராணியை வரைந்தாலும் வரைந்தவர் தன் காலத்துப் பெண்ணைத்தான் உள்ளே நிறுத்துகிறார்.

1830களில் தோள் சரிந்து இறங்கும், கை மேலே பலூன் மாதிரி உப்பி மணிக்கட்டில் ஒடுங்கும், முடி காதோரம் சுருள் சுருளாக நிற்கும். இடைக்கால இளவரசிக்கும் அப்படித்தான், சுவிஸ் கிராமத்துப் பெண்ணுக்கும் அப்படித்தான். 1850களின் பிற்பகுதியில் பாவாடை மணி போல விரியும். இரும்பு வளையம் வைத்த கிரினோலின் தெருவில் நடந்த காலம் அது. 1870களிலும் 80களிலும் முன்பக்கம் தட்டையாகி, பின்பக்கம் துணி குவியும். கிளியோபாத்ரா காலத்து உடையென்று எழுதியிருக்கும் தாளில் இடுப்புக்குப் பின்னால் அந்தக் குவியல் இருந்தால் உங்கள் தேதி கிடைத்துவிட்டது.

நடனமணியின் பாவாடை நீளமும் ஓரளவுக்கு நாட்காட்டிதான். 1832இல் "லா சில்ஃபீட்" மேடையேறியபோது கெண்டைக்கால் பாதி வரை மறைந்தது. நூற்றாண்டின் கடைசியில் முழங்கால் தெரிய ஏறிவிட்டது. இதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். தோளும் கையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கை மறக்காதீர்கள்

காலிக்காவில் நாம் பார்க்கும் நிறம் வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த படத்தின் நிறம். மேடையில் இருந்தது வாயு விளக்கு. ஓப்பராவின் பழைய இடமான லெ பெல்த்தியே அரங்கில் 1822 பிப்ரவரி 6 அன்று "அலாதேன்" ஓப்பராவோடு வாயு வெளிச்சம் வந்தது. அந்த அரங்கு 1873 அக்டோபரில் எரிந்து போகும்வரை அங்கே வாயுதான் முக்கிய வெளிச்சம். 1849இல் "லெ புரொஃபேத்" ஓப்பராவில் சூரிய உதயத்துக்கு மின்வில் விளக்கைக் காட்டி ஊரையே அசரவைத்தார்கள், ஆனால் அது அந்த ஒரு காட்சிக்கான வித்தை.

வாயுவின் சுடர் மஞ்சள். அதில் வெளிர் மஞ்சள் வெள்ளையாகத் தெரியும். கருநீலம் கருப்போடு சேர்ந்துவிடும். நீலமும் பச்சையும் ஒன்றையொன்று விழுங்கும். ஊதா அழுக்கேறியது போல ஆகும். சிவப்பும் ஆரஞ்சும் பொன்னும் மட்டும் கொண்டாட்டமாக நிற்கும். இதைப் புரிந்துகொள்ள நான் செய்வது சுலபமான காரியம். வரைபடத்தை வண்ணத்தில் அச்செடுத்து, அறையை இருட்டாக்கி, பழைய மஞ்சள் குண்டு பல்பை முகத்துக்குக் கீழே, தரைப் பக்கமிருந்து வரும்படி வைத்துப் பார்ப்பேன். மேடையின் முன்விளிம்பு விளக்கு அப்படித்தான் கீழிருந்து அடித்தது. பாவாடையின் கீழ்விளிம்பில் எதற்கு இவ்வளவு சரிகை என்ற கேள்வி அந்த நிமிடமே தீர்ந்துவிடும். வெளிச்சம் முதலில் விழும் இடம் அது.

அதே வெளிச்சம் உயிரையும் எடுத்தது. 1862 நவம்பர் 15 அன்று, "லா முவெத் த போர்த்திச்சி" ஒத்திகையில், எம்மா லிவ்ரி என்ற இளம் நடனமணியின் மெல்லிய பாவாடை வாயு விளக்கில் பட்டுத் தீப்பற்றியது. 1863 ஜூலை 26 வரை வேதனைப்பட்டு இறந்தார். தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை ஒரு கரைசலில் தோய்க்கும் கார்த்தெரோன் என்ற முறை அப்போதே இருந்தது. தோய்த்தால் துணி விறைத்து, வெண்மை மங்கிப்போகும் என்று ஆடுகிறவர்கள் அதை வெறுத்தார்கள், லிவ்ரியும் மறுத்தார். கருகிய அவர் உடையின் மிச்சம் அந்த ஓப்பரா நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடத்தில் பாவாடையை வெறும் நீர்த்த வெள்ளையால், தாள் தெரியும்படி தீட்டியிருப்பார்கள். அந்த இடத்தைப் பார்க்கும்போது நான் துணியின் பெயரைத் தேடுவேன். தார்லத்தானா, மஸ்லினா, வலைத்துணியா? நெருப்புக்கு முன் அவை எல்லாம் ஒன்றுதான் என்பதை நினைக்காமல் என்னால் அந்த வெள்ளையைக் கடக்க முடிவதில்லை.

உள்ளே இருக்கும் உடம்பு

வரைபடத்தில் தோல் நிறத்தில் இருப்பதெல்லாம் தோல் இல்லை. ஓப்பரா நடனமணியின் கால், வேடத்துக்குத் திறந்திருக்கும் கை, காட்டுவாசியின் மார்பு போன்றவை மேடையில் பெரும்பாலும் தோல் நிறப் பின்னலாடைதான். ஓரத்தில் மாயோ என்ற சொல்லைத் தேடுங்கள். கணுக்காலிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குறுக்குக் கோடு இருந்தால் அங்கே துணி முடிகிறது. வளையலையும் கால் வளையத்தையும் சரியாக அந்த இடத்தில் வைத்திருப்பார்கள். நகையென்று நாம் நினைப்பது தையலை மறைக்கும் வேலையும் செய்கிறது.

யார் போடப்போகிறார் என்பதும் வெட்டை மாற்றும். 1870 மே 25 அன்று "கொப்பேலியா" பாலே மேடையேறியபோது நாயகன் ஃபிரான்ஸ் வேடத்தில் ஆடியவர் எழெனி ஃபியோக்ர் என்ற பெண். அன்றைய பாரிஸில் அது சகஜம். அப்படிப்பட்ட ஆண் வேடத் தாளில் மேலுடையின் இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, தொடை எப்படி வளைகிறது என்று கவனியுங்கள். கால்சட்டையைக் குட்டையாக வைத்துக் காலைக் காட்டுவதற்காகவே வெட்டியிருப்பார்கள். பாத்திரத்தின் பெயரை மட்டும் படித்து ஆண் உடை என்று எழுதிவிட்டால் பேட்டர்ன் முழுக்கத் தவறும்.

பாடுகிறவருக்கு வேறு தேவை. மூச்சு வாங்க விலா எலும்பு விரிய வேண்டும், கழுத்து இறுகக்கூடாது. தலைக்கவசம் காதை மூடினால் வாத்தியம் கேட்காது. நல்ல வரைபடத்தில் பாடுகிறவரின் கழுத்துப் பக்கம் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும். ஆடுகிறவருக்குத் தோள் இணைப்பும் இடுப்பும்தான் முக்கியம். பின்பக்கத்தை மிகச் சிலரே வரைந்தார்கள். கொக்கியா, கயிறு போட்டு இழுப்பதா என்பது தையற்கூடம் தானாகவே தெரிந்துவைத்திருந்த விஷயம்.

"ஆய்தா"வுக்கு ஒகுஸ்த் மாரியேத் வரைந்ததை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவர் எகிப்தியத் தொல்லியல் அறிஞர், நாடகக்காரர் இல்லை. கெய்ரோவில் நடக்கவிருந்த ஓப்பராவுக்கு உடைகளைத் தானே வண்ணத்தில் வரைந்து, 1870இல் பாரிஸுக்கு வந்து தைக்கக் கொடுத்தார். போர் வந்து, நகரம் முற்றுகைக்குள் சிக்க, உடைகளும் காட்சித் திரைகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. 1871 டிசம்பர் 24 அன்றுதான் கெய்ரோவில் திரை விலகியது. அவர் கடிதங்களில் ஒன்றில், பெரிய கிரீடம் வைத்த அரசன் கருங்கல்லில் கம்பீரமாக இருப்பான், ஆனால் அதே அரசனுக்குச் சதையும் எலும்பும் தந்து நடக்கவும் பாடவும் வைத்தால் கூட்டம் சிரித்துவிடுமோ என்று கவலைப்பட்டிருக்கிறார். பாடகர்கள் தாடி மீசையை மழித்தாக வேண்டும் என்றும் பிடிவாதமாக இருந்தார். அவர் தாள்களையும், 1880இல் அதே ஓப்பரா பாரிஸுக்கு வந்தபோது லாகோஸ்த் வரைந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கல்லில் இருந்து வந்தவரும் தையற்கூடத்தில் இருந்து வந்தவரும் ஒரே அரசனுக்கு எப்படி உடுத்துகிறார்கள் என்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தியா என்று எழுதியிருந்தால்

நம்மவர்கள் இந்தத் தாள்களில் முதலில் தேடுவது இதைத்தான், நானும் தேடினேன். 1830இல் "லெ தியே எ லா பயதேர்", 1858இல் "சக்குந்தலா" பாலே, இலங்கையில் கதை நடக்கும் பிசேயின் "லே பெஷேர் த பெர்ல்" 1863இல், மஸ்னேயின் "லெ ருவா த லாகோர்" 1877இல். தேவதாசி, பூசாரி, ராஜா என்று தாள் தாளாக இருக்கிறார்கள்.

இதற்கிடையில் 1838இல் ஒரு நிஜமான சம்பவம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு கப்பலேறிப் பாரிஸுக்குப் போய் வரியெத்தே அரங்கில் ஆடியது. அவர்களில் அமணி என்ற பெண்ணைப் பற்றிக் கவிஞர் தியோஃபில் கோத்தியே மனம் உருகி எழுதினார். ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அவரைச் சின்ன வெண்கலச் சிலையாக வடித்தார். அதே கோத்தியேதான் இருபது வருடம் கழித்துச் "சக்குந்தலா" பாலேவுக்குக் கதை எழுதினார்.

இப்போது அமணியின் வெண்கலச் சிலைப் படத்தை ஒரு பக்கமும், "சக்குந்தலா"வுக்கு ஆல்பேர் வரைந்த தாள்களை மறுபக்கமும் திறந்து வையுங்கள். பார்க்க வேண்டியது நகையை இல்லை, இடுப்பை. சிலையில் துணி உடம்பைச் சுற்றி வருகிறது, மடிப்பு விழுகிறது, நுனி தொங்குகிறது. பாலே உடையில் அடித்தளம் எப்போதும் விறைப்புக்காக எலும்பு வைத்த பாடியும் விரிந்த பாவாடையும்தான். இந்தியா அதன்மேல் பட்டையாக, குஞ்சமாக, தலையணியாக ஏறுகிறது. எனக்கு இதில் கோபம் இல்லை. கால் நுனியில் நின்று சுழல வேண்டிய பெண்ணுக்குப் புடவை கட்டிவிட முடியாது என்பது தைக்கிறவளுக்குத் தெரியும். ஆனால் எது வேலைக்காக மாற்றியது, எது பழகிய கை தானாக வரைந்தது என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும். பாவாடை வேலைக்காக. மூக்குத்தி இருக்க வேண்டிய முகத்தில் நெற்றிப் பட்டையும் இறகும் வந்தது பழக்கத்தால். துருக்கிப் பெண்ணுக்கு வைத்ததையே இவளுக்கும் வைத்துவிட்டார்கள்.

நகல் வரைந்தால்தான் கைக்கு வரும்

கடைசியாக, பிடித்த ஒரு தாளைக் கையால் வரையுங்கள். தடித்த வண்ணத் தாள், எச்பி பென்சில், நீர்வண்ணம், கொஞ்சம் வெள்ளை குவாஷ் (அடி தெரியாமல் மூடும் நீர்வண்ணம்) போதும். தாளில் மூன்றில் ஒரு பங்கை ஓரக் குறிப்புக்கு விட்டுவிடுங்கள். முதலில் உடை இல்லாத உடம்பு, எடை எந்தக் காலில் விழுகிறது என்பதோடு. பிறகு கழுத்துக்குழியிலிருந்து எடை தாங்கும் குதிகால் வரை ஒரு நேர்கோடு. நிற்கிற உருவத்தில் அது தவறினால் உடை சரிந்தே தெரியும். அப்புறம் இடுப்புக் கோடு, தோள் இணைப்பு, பாவாடையின் விளிம்பு. தையல் எங்கே ஓடும் என்று உங்களுக்கே தெளிவானபின் வண்ணம் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் நிழல். சரிகைக்கு மஞ்சள் காவி, அதன்மேல் வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி. பொன் மையை நான் தொடவே மாட்டேன், அச்செடுத்தால் சாம்பலாகிவிடும்.

வரைந்து முடித்ததும் ஓரத்தில் துணி, எண்ணிக்கை, பொத்தானா கொக்கியா எல்லாவற்றையும் எழுதுங்கள். மூலத்தில் இருந்ததை ஒரு நிறத்தில், நீங்கள் ஊகித்ததை வேறு நிறத்தில். இந்த ஒழுங்கை ஆரம்பத்திலேயே பழகிவிடுங்கள். பின்னால் நீங்களே உங்கள் தாளை எடுத்துப் பார்க்கும்போது எது லோர்மியே சொன்னது, எது நீங்கள் சொன்னது என்று தெரிய வேண்டும்.

அந்த ஊகங்களைச் சரிபார்க்க மூன்று இடம் உண்டு. பாலியான்தி தொகுத்து அச்சிட்ட மேடையமைப்புக் கையேடுகள், வெளியூர்க் குழுக்களுக்காக எழுதியவை. பல கையேடுகளில் உடை விவரமும் உண்டு. பிரான்சு தேசிய ஆவணக் காப்பகத்தில் "ஆ ழே 13" (AJ13) என்ற தொகுதியில் ஓப்பராவின் கணக்கு வழக்குகள் இருக்கின்றன. துணி வாங்கிய செலவும் உடைப் பட்டியலும் அங்கேதான். துணியையே பார்க்க வேண்டுமென்றால் பிரான்சின் மூலேன் நகரத்தில் பழைய குதிரைப்படை முகாமில் 2006இல் திறந்த தேசிய மேடை உடை மையத்துக்குப் போகலாம். போகிறவர்கள் அங்கே ஒவ்வொரு உடையின் உள்பக்க இடுப்புப் பட்டியையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். போட்டவரின் பெயர் எழுதிய நாடா, அதை அடித்துவிட்டு இன்னொருவர் பெயர், பிரித்துவிட்ட தையலின் ஊசித் துளை வரிசை, இவை இருந்தால் அந்த ஓரத்தில்தான் இருக்கும். கட்டில் "இதெம்" என்று எழுதிய தாளுக்கு அந்தத் துளைகளே பதில் சொல்வதும் உண்டு.